பிளேட் வைத்த மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு வேண்டாமா?

சிற்றூர் ஒன்றில் தையல் கடை வைத்திருக்கும் 54 வயது வாசகி எழுதியிருக்கிறார். ஊர், பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

குளியலறை வாசலில் வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்திருக்கிறார். மணிக்கட்டு உடைந்து, கை பின்பக்கமாக வளைந்துபோனது. தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து பிளேட்டும் ஸ்குரூவும் வைத்தார்கள். இரண்டு வாரம் பாதிக்கட்டு. தையல் பிரித்த அன்று அதையும் எடுத்துவிட்டு, கழற்றி மாட்டுகிற ஸ்பிளிண்ட் ஒன்றைக் கொடுத்து, "கையை அசைக்க ஆரம்பிங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பயம் அங்கேதான் தொடங்கியது. அதே தெருவில் மணிக்கட்டு உடைந்த இன்னொரு பெண்ணுக்கு அரசு மருத்துவமனையில் கம்பி போட்டு, ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். "உனக்கு மட்டும் ஏன் அதுக்குள்ள கட்டை எடுத்துட்டாங்க? எலும்பு எப்படிச் சேரும்?" என்று அக்கா கேட்டிருக்கிறார். வாசகி மருந்துக்கடையில் இன்னும் நீளமான ஸ்பிளிண்ட் ஒன்றை வாங்கி, இரவும் பகலும் கழற்றாமல் மாட்டிக்கொண்டார். கையைக் கழுத்துப் பட்டையிலிருந்து எடுக்கவே இல்லை.

இப்போது ஐந்தாவது வாரம். விரல்கள் வீங்கிப் பளபளவென்று இருக்கின்றன, மடக்க முடியவில்லை. இரவில் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றன. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. அண்ணன் புத்தூருக்கு அழைத்துப்போகிறேன் என்கிறார். மறுபடி மாவுக்கட்டு போட வேண்டுமா, டாக்டர் தவறு செய்துவிட்டாரா, பிளேட்டை எடுக்க வேண்டுமா, பள்ளிச் சீருடை ஆர்டருக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டதே, எப்போது மிஷினில் உட்காரலாம் என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்களாக மறுபடி மாவுக்கட்டு போட்டுக்கொள்ளாதீர்கள். ஆபரேஷன் செய்த டாக்டரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். ஆறாவது வாரத்துக்குத்தானே எக்ஸ்ரேக்கு வரச் சொன்னார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நீங்கள் பயப்படுவது எலும்பைப் பற்றி. கடிதத்தைப் படித்த எனக்குக் கவலை உங்கள் விரல்களைப் பற்றி.

கட்டு எதற்கு, பிளேட் எதற்கு

முன்கையில் கட்டை விரல் பக்கமாக வருவது ஆரை எலும்பு. அது மணிக்கட்டில் முடிகிற இடத்தில்தான் உங்களுக்கு உடைந்திருக்கிறது. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு மிகச் சாதாரணமாக உடைகிற இடம் இது. டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814இல் இந்த முறிவை விவரித்து எழுதினார். அப்போது எக்ஸ்ரேயே கிடையாது, அது 1895இல்தான் வந்தது. அதற்கப்புறமும் நெடுங்காலம் வெளிக்கட்டுதான் இதற்கு முக்கிய சிகிச்சையாக இருந்தது. எலும்பு சேர ஏறக்குறைய ஆறு வாரம், அதனால் கட்டும் ஆறு வாரம். உங்கள் அக்கா சொல்கிற கணக்கு அங்கிருந்து வருகிறது. அது தப்புக் கணக்கு இல்லை, உங்கள் கைக்கு உரியதில்லை, அவ்வளவுதான்.

தையல் வேலை தெரிந்த உங்களுக்கு இது சட்டென்று புரியும். இரண்டு துண்டுத் துணியைக் குண்டூசியால் இணைத்து வைத்தால், தைத்து முடிக்கும்வரை அதைப் பதமாகத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நெருக்கமாகத் தையல் ஓட்டிவிட்டால் துணியை உதறலாம், மடிக்கலாம். தெருவில் இருக்கும் அந்தப் பெண்ணுக்குப் போட்ட கம்பி குண்டூசி மாதிரி. கம்பி எலும்பை இடத்தில் நிறுத்தும், ஆனால் மணிக்கட்டு அசைந்தால் தாங்காது. அதனால் வெளியே மாவுக்கட்டும் வேண்டும். வழக்கமாக நாலிலிருந்து ஆறு வாரத்தில் கம்பியை உருவிவிட்டுக் கட்டையும் எடுப்பார்கள்.

உங்களுக்கு வைத்த பிளேட் வேறு ரகம். இப்போது மணிக்கட்டின் முன்பக்கம் வைக்கிற பிளேட்டுகள் பெரும்பாலும் பூட்டிக்கொள்ளும் வகை. ஸ்குரூவின் தலையிலும் மரை இருக்கும், அது எலும்பில் இறங்குவதோடு பிளேட்டிலும் முறுகிப் பூட்டிக்கொள்ளும். எலும்பு கொஞ்சம் மெலிந்திருந்தாலும் பிடி விடாது. 2000க்குப் பிறகு இந்த வகை பிளேட்டுகள் பரவலானதற்கே காரணம், கையைச் சீக்கிரம் அசைக்க விடலாம் என்பதுதான். அதாவது எலும்பை அசையாமல் பிடிக்கிற வேலையைத் தோலுக்கு உள்ளேயே பிளேட் செய்துகொண்டிருக்கிறது. முதல் இரண்டு வாரம் போட்ட பாதிக்கட்டு தையல் ஆறவும், வீக்கமும் வலியும் அடங்கவும் போட்டது. சில டாக்டர்கள் அதைக்கூடப் போடாமல் சில நாட்களிலேயே அசைக்கச் சொல்வார்கள்.

எலும்பு பல துண்டாக நொறுங்கியிருந்தாலோ, மிகவும் மெலிந்திருந்தாலோ, சுண்டு விரல் பக்க மூட்டும் தசைநாரும் சேர்ந்து அடிபட்டிருந்தாலோ பிளேட் வைத்த பிறகும் ஆறு வாரம்வரை கட்டு வைப்பதுண்டு. ஆபரேஷன் மேஜையில் எலும்பைக் கண்ணால் பார்த்தவர்தான் அதைத் தீர்மானிக்க முடியும். உங்களுக்கு அவர் கட்டை எடுத்து அசைக்கச் சொல்லியிருக்கிறார் என்றால், பிடிமானம் போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது என்று அர்த்தம். இருந்தாலும் நேரில் பார்க்கும்போது இதை ஒரு கேள்வியாகவே கேட்டுவிடுங்கள்.

பிளேட்தான் உசத்தி, கம்பி மட்டம் என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில் 461 பேரை இரண்டு பிரிவாக்கிக் கம்பியையும் பிளேட்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினரின் கையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வேலை செய்தது. அந்தப் பெண்ணுக்கு நடந்ததும் சரி, உங்களுக்கு நடந்ததும் சரி. ஒரு சிகிச்சையின் விதியை எடுத்து இன்னொன்றுக்குப் பொருத்தினால்தான் சிக்கல். அதுதான் உங்கள் வீட்டில் நடந்துவிட்டது.

இப்போது கவனிக்க வேண்டியது

கையை அசைக்காமல் தொங்கவிட்டால் வீக்கம் வடியாது. வடியாத வீக்கம் விரல் மூட்டுகளைச் சுற்றி இறுகும், இறுகினால் மடக்க வலிக்கும், வலிக்கிறதே என்று இன்னும் அசைக்காமல் விடுவோம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த இறுக்கம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், தோளும் உறைந்துபோகும். கழுத்துப் பட்டையை இன்றே கழற்றி வையுங்கள்.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். உள்ளங்கையை உங்கள் முகத்துக்கு நேராகத் திருப்புங்கள். விரல்களின் அடிக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கையில் குறுக்காக ஒரு மடிப்பு ரேகை ஓடுகிறது இல்லையா? விரல்களை மடக்கினால் நான்கு நுனியும் அந்த ரேகையைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி என்று உங்கள் இஞ்ச் டேப்பை வைத்தே அளந்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். அப்புறம் அந்த ஸ்பிளிண்டைப் பாருங்கள். அதன் மேல்விளிம்பு இந்த ரேகைக்குக் கீழேயே நின்றுவிட வேண்டும். ரேகையைத் தாண்டி விரல்வரை நீண்டால், விரல் மடங்கும் இடத்தையே அது கட்டிப்போடுகிறது. கடையில் வாங்கிய நீளமான ஸ்பிளிண்ட் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை ஓரமாக வைத்துவிட்டு, மருத்துவமனையில் கொடுத்ததையே மாட்டுங்கள். தூங்கும்போதும், வெளியே கூட்டத்துக்குள் போகும்போதும் போதும். மற்ற நேரத்தில் எவ்வளவு கழற்றலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விரலில் மோதிரம் இருந்தால் உடனே கழற்றுங்கள். வரவில்லை என்றால் வெட்டியாவது எடுத்துவிட வேண்டும்.

வீங்கிப் பளபளக்கும் தோல், அடிக்குப் பொருந்தாத அளவு எரிச்சலும் வலியும், நிற மாற்றம், திடீரென்று வியர்ப்பது, ஒரு கை சூடாகவோ சில்லென்றோ இருப்பது ஆகியவை சேர்ந்து வந்தால் ஒரு வகை நரம்பு வலிக் கோளாறோ என்று சந்தேகிப்போம். மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு சிலருக்கு இது வருவதுண்டு. உங்களுக்கு அது வந்திருக்கிறது என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, வெறும் இறுக்கமாகவும் இருக்கலாம். ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்தால் பிசியோவும் மருந்துமாகக் கட்டுப்படுத்த வாய்ப்பு அதிகம், நாள் கடந்தால் கடினம். இந்த வாரமே போகச் சொல்வதற்கு இது ஒரு காரணம். கட்டை விரலிலிருந்து நடுவிரல்வரை மரத்துப்போவது இன்னொரு காரணம். மணிக்கட்டுக்குள் போகிற நரம்பு வீக்கத்தால் நெருக்கப்படுகிறது என்பதற்கு அது அடையாளம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த நெருக்கம் கூடுதலாகவே வரும். இரவில் மட்டும் வந்து, கையை உதறினால் போய்விடுகிறதா, அல்லது பகலெல்லாம் நிற்கிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள்.

டாக்டரைப் பார்க்கும்வரைகூட விரலை மடக்கி நீட்டத் தடை இல்லை. பிளேட் மணிக்கட்டில்தான் இருக்கிறது, விரலை அசைத்தால் எலும்பு விலகாது. முதலில் எல்லா விரலையும் நேராக நீட்டுங்கள். பிறகு அடிமூட்டை நேராக வைத்துக்கொண்டு நுனி மூட்டுகளை மட்டும் கொக்கியாக மடக்குங்கள். அடுத்து முழு முஷ்டி, அடுத்து அடிமூட்டை மட்டும் மடக்கி விரலை நேராக வைப்பது. கடைசியில் கட்டை விரல் நுனியால் மற்ற ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுங்கள். ஒவ்வொன்றும் பத்து முறை, விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை. இடது கையால் மெதுவாக உதவலாம், அழுத்தக் கூடாது. கையைத் தலைக்கு மேல் தூக்கி இறக்குங்கள், முழங்கையையும் மடக்கி நீட்டுங்கள். உட்காரும்போதும் படுக்கும்போதும் தலையணை வைத்துக் கை நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டுப் பயிற்சியை உங்களுக்கு ஏற்கெனவே அனுமதித்திருக்கிறார்கள். இருந்தாலும் மூன்று வாரம் அசைக்காமல் இருந்துவிட்டீர்கள், அதனால் டாக்டர் ஒரு தடவை பார்த்துச் சரி என்ற பிறகு பிசியோதெரபிஸ்ட் முன்னால் தொடங்குவது நல்லது. முன்கையை மேஜையில் வைத்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்க, சொந்த பலத்தில் மேலும் கீழும் அசைக்கச் சொல்வார்கள். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து உள்ளங்கையை மேலே, கீழே திருப்பச் சொல்வார்கள். மேலே திருப்புவது பலருக்குக் கடைசியாகத்தான் திரும்பும். சில்லறை வாங்கவும் முகம் கழுவவும் அது வேண்டும், விட்டுவிடாதீர்கள்.

வலித்தால் எலும்பு நகர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இறுகிய மூட்டை இழுத்தால் வலிக்கத்தான் செய்யும். பயிற்சி முடிந்து அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்கும் வலிக்குப் பயப்பட வேண்டாம். இரவுவரை நீடித்து வீக்கமும் கூடினால் அன்றைய அளவு அதிகம், மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள்.

கீழே சொல்பவை வந்தால் மட்டும் தேதி பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

- தையல் இடத்தில் சிவப்பு, சீழ், கசிவு அல்லது காய்ச்சல்
- "டப்" என்ற சத்தத்தோடு திடீர் வலி, அல்லது கை மறுபடி வளைந்து தெரிவது
- கட்டை விரல் நுனியை மடக்கவோ, மேஜையில் கையைப் பரப்பி வைத்துக் கட்டை விரலை மேலே தூக்கவோ திடீரென்று முடியாமல் போவது. தசைநார் அறுந்திருக்கலாம்.
- மரமரப்பு நாள் முழுக்க நிற்பது, விரல் வெளிறுவது அல்லது நீலமாவது

ஐந்து வாரம் போய்விட்டதே என்று மனம் உடைய வேண்டாம். பிளேட் வைத்த பிறகு சீக்கிரம் அசைத்தவர்களையும் ஐந்து, ஆறு வாரம் கட்டுப் போட்டு வைத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் உண்டு. முதல் சில மாதம் சீக்கிரம் அசைத்தவர்கள் கை முன்னால் நிற்கிறது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று போகும்போது அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. மணிக்கட்டு மீண்டுவிடும் என்று நம்பலாம். விரல்கள்தான் விஷயம், அவற்றை இன்றிலிருந்து விடாதீர்கள்.

அண்ணன் சொல்லும் புத்தூர்க் கட்டு

திருத்தணி தாண்டிப் புத்தூருக்குக் கை கால் முறிவோடு போகிற குடும்பங்கள் நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக உண்டு. அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. உங்கள் கையில் அந்தக் கட்டுக்கு என்ன வேலை இருக்கிறது என்று மட்டும் யோசியுங்கள். எலும்பு ஏற்கெனவே நேராக்கப்பட்டு, உலோகத்தால் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே வீங்கி, நரம்பு நெருக்கப்படுகிற கையில் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டத்துக்கும் நரம்புக்கும் ஆபத்து. புதுத் தழும்பின் மேல் பச்சிலையும் முட்டையும் பூசினால், சர்க்கரை உள்ள உங்களுக்குக் கிருமி தொற்றலாம், அது பிளேட்வரை போகலாம். எண்ணெய் போட்டு உருவிவிடுவது இன்னும் மோசம். இறுகிய மூட்டைப் பலவந்தமாக மடக்கினால் வீக்கமும் வலியும் கூடும். அண்ணனுக்கு உதவ மனம் இருக்கிறது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையே கூட அழைத்துப்போங்கள், எக்ஸ்ரேயில் பிளேட்டை அவரும் பார்க்கட்டும்.

ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் சாப்பிடுங்கள், தவறில்லை. ஆனால் சூப்பில் கால்சியம் பெரிதாக இறங்குவதில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பால், தயிர், முருங்கைக்கீரை, முட்டை எல்லாம் தினமும் இருக்கட்டும். அதைவிட முக்கியமாக, மாதவிடாய் நின்ற வயதில், நின்ற உயரத்திலிருந்து விழுந்தே மணிக்கட்டு உடைந்திருக்கிறது. எலும்பு மெலிந்திருக்கலாம் என்பதற்கு இது முதல் எச்சரிக்கை. எலும்பு அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி, மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றை எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள். கை சரியானதும் இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அடுத்த முறை விழுந்தால் இடுப்பு உடையலாம் என்பதால்தான் வற்புறுத்துகிறேன்.

டாக்டர் மேல் புகார்

மாவுக்கட்டு போடாமல் விட்டது அலட்சியம் ஆகாது. ஏற்கப்பட்ட சிகிச்சை முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததற்காக, வேறு முறையும் இருந்தது என்று மட்டும் காட்டி ஒரு மருத்துவரை அலட்சியக்காரர் ஆக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் ஆதங்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். "அசைக்க ஆரம்பிங்க" என்ற ஒரு வரி, பயந்துபோன ஒருவருக்குப் போதாது. எதை, எத்தனை முறை, எவ்வளவு வலிவரை என்று யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் நீங்கள் இந்த மூன்று வாரத்தை இழந்திருக்கமாட்டீர்கள். அதை டாக்டரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். சண்டையாக வேண்டாம், ஆனால் சொல்லாமல் வராதீர்கள்.

இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. டிஸ்சார்ஜ் குறிப்பு, ஆபரேஷன் குறிப்பு, எக்ஸ்ரே, வைத்த பிளேட்டின் விவரம் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். பிசியோவுக்குச் செலவழிக்க முடியாவிட்டால் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். எங்கே ஆபரேஷன் செய்துகொண்டீர்கள் என்பது அங்கே தடையாகாது. சென்னைக்கு வர முடிந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனி அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

பிளேட்டும் மிஷினும்

பிளேட்டைக் கட்டாயம் எடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு அது ஆயுள் முழுக்க அப்படியே இருந்துவிடும். தசைநாரில் உரசினாலோ, ஸ்குரூ மூட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தாலோ, கிருமி தொற்றினாலோ எடுப்பார்கள்.

சாப்பிடுவது, தலை வாருவது, பட்டன் தைப்பது போன்ற லேசான வேலைகளுக்கு இப்போதே வலது கையைப் பழக்கலாம். ஒரு டம்ளர் காபிக்கு மேல் கனம் வேண்டாம். தரையிலிருந்து எழும்போது அந்தக் கையை ஊன்றாதீர்கள். ஆறாவது வார எக்ஸ்ரேயில் எலும்பு கூடுகிறது என்று டாக்டர் சொன்னால், மோட்டார் மிஷினில் கால் மணி, அரை மணி என்று தொடங்கிப் பார்க்கலாம். துணியை நகர்த்துவதைவிடக் கத்தரியால் வெட்டுவதற்குத்தான் பிடிபலம் அதிகம் வேண்டும். அடுக்கடுக்காகச் சீருடைத் துணி வெட்டுவதை இன்னும் ஒரு மாதத்துக்காவது வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். கனமான இஸ்திரிப் பெட்டி, தண்ணீர்க் குடம், ஈரத்துணி பிழிவது எல்லாம் மூன்று மாதம் கழித்து. பிடிபலம் ஒரு வருடம்வரைகூடக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும்.

முன்பணம் கொடுத்தவர்களிடம் நிலைமையைச் சொல்லி, ஆளை வைத்துப் பாதி ஆர்டரை முடிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாததற்கு இப்போதே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எக்ஸ்ரே முடிவு வருவதற்கு முன் புது ஆர்டர் எதற்கும் தேதி சொல்லாதீர்கள்.